மேலே போனவர் எப்படிப் படுத்தார்

என் வயதுக்காரர்களே, மூட்டுவலிக்கு ஆளுக்கொரு தைலம் சிபாரிசு செய்துகொண்டிருக்கும் என் ஆசிரியர் பயிற்சிக் கூட்டாளிகளே, இது உங்களுக்குத்தான். போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள். நம் நாட்டு ராக்கெட்டிலேயே நம் ஆட்களை ஏற்றி மேலே அனுப்பப் போகிறார்களாமே, நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நம் நாட்டுக்காரர் ஒருவர் முதன்முதலாக அடுத்த நாட்டு வண்டியில் ஏறி விண்வெளிக்குப் போனாரே, அப்போது நீங்களெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று. ஆளாளுக்குப் பதில் போட்டீர்கள். ஒருவர் பெரம்பலூரில் ரேடியோக் கடை வாசலில் நின்று செய்தி கேட்டாராம். ஒருவர் அரியலூர் ரயிலடியில் பேப்பர் வாங்க அடிபிடி சண்டையே போட்டாராம். ஒருத்தி வீட்டில் அந்த வாரம் பிறந்த கன்றுக்குட்டிக்கு அவர் பெயரை வைத்தார்களாம்.

நான் ஒன்றும் போடவில்லை. போட்டால் நீண்டுவிடும். உங்களுக்கெல்லாம் அவர் எவ்வளவு உயரம் போனார், என்ன சாப்பிட்டார் என்பதுதான் பேச்சு. எங்கள் தெருவில் பிரச்சினையே வேறு. காப்புக் கட்டியிருக்கிற ஊரின் எல்லையை இந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்காமல் தாண்டித் தாண்டிப் போகிறாரே, இதற்கு என்ன செய்வது என்பதுதான் அது.

சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். நாங்களும் முதலில் சிரிக்கத்தான் செய்தோம்.

ஆண்டிமடத்திலிருந்து உடையார்பாளையம் போகும் வழியில், முந்திரிக் காடுகளுக்கு நடுவே எங்கள் தெரு. எல்லாம் கூலி வீடுகள். ஆண்கள் காட்டில் முந்திரி பொறுக்குவார்கள். பெண்கள் வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டி உடைத்துப் பருப்பெடுப்பார்கள். பங்குனிக் கடைசியில் தெருவுக்குள் நுழைந்தால், விழுந்து புளிக்கிற முந்திரிப் பழ வாசனை மூக்கில் ஏறும். கூடவே வேப்பிலை வாசனையும் வந்தால், எங்கள் தெரு மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது என்று அர்த்தம்.

டவுனில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். காப்பு என்பது மஞ்சள் துண்டு முடிந்த ஒரு நூல். அம்மன் கையிலும், பூசாரி கையிலும், விரதம் இருக்கிற சிலர் கையிலும் கட்டுவார்கள். கட்டுவதற்கு முன்னால் மேளத்தோடு ஊரைச் சுற்றி வந்து, நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டு எல்லை கட்டுவார்கள். அதற்கப்புறம் தீமிதி முடிந்து காப்பு அவிழ்க்கிறவரை வீட்டில் தாளிப்பு கிடையாது. கல்யாணப் பேச்சு கிடையாது. எல்லாவற்றையும்விடப் பெரிய கட்டுப்பாடு ஒன்று உண்டு. ஊர்க்காரர் யாரும் ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது. வெளியூர்க்காரர் யாரும் ராத்திரி எங்கள் தெருவில் தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லைக்குள் வந்துவிட வேண்டும். கையில் காப்புக் கட்டியவர்கள் பகலில்கூடத் தாண்டக் கூடாது. மீறினால் ஆத்தாளுக்குக் கோபம் வந்து ஊரில் அம்மை போடும்.

அந்த வருஷம் என் அப்பா கையில் காப்பு இருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முந்தின திருவிழாவில், லாரியில் கிளீனராக இருந்த என் சித்தப்பா, நெய்வேலிப் பக்கம் லாரி பழுதாகி நின்றதால் ஒரு ராத்திரி அங்கேயே படுத்துவிட்டார். அந்த வருஷம் பார்த்துத் தெருவில் தட்டம்மை வந்தது. பூசாரி மாமாவின் மகள், என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவள், அம்மை இறங்கி எழுந்தபோது அவளுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது.

பூசாரி மாமா எங்களை ஒரு சொல் சொல்லவில்லை. தெரு சொன்னது. எங்கள் வீட்டுக்கு நெருப்பு வாங்க வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அம்மா தண்ணீருக்குப் போனால் மற்ற குடங்கள் தள்ளி நின்றன. சித்தப்பா வெட்கப்பட்டு ஊரைவிட்டே போய்விட்டார். அவர் விண்வெளிக்குப் போன வருஷத் திருவிழாவில் அப்பா, யாரும் கூப்பிடாமலே போய், எனக்கும் கட்டுங்கள் என்று கையை நீட்டினார்.

அந்த வாரத்தில்தானா அக்காவுக்குத் திருச்சியிலிருந்து அழைப்பு வர வேண்டும்?

எங்கள் தெருவில் பன்னிரண்டாவது முடித்த முதல் பெண் என் அக்கா. முடித்துவிட்டு ஒரு வருஷமாகக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தாள். முதல் நாள் நேர்முகம், மறுநாள் காலையில் டாக்டர் சோதனை, இரண்டுக்கும் வந்தால்தான் இடம். நடுவில் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகலாமே என்பீர்கள். அன்றைக்கு ஓடின பஸ்ஸில், மாறி மாறி ஏறித் திருச்சி போய்ச் சேரவே எங்களுக்கு அரை நாள் ஆகும். சாயங்காலம் அங்கே முடித்துவிட்டு விளக்கு வைப்பதற்குள் எல்லைக்குள் வருவது நடக்கிற காரியமே இல்லை.

அழைப்பு வந்த அன்றே அக்கா கையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். முந்திரி ஓட்டுப் பால் பட்டுப் பட்டு, எங்கள் தெருப் பெண்களின் விரல்கள் கருத்துத் தோல் உரிந்துதான் இருக்கும். நர்ஸ் வேலைக்கு முதலில் கையைத்தான் பார்ப்பார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். தேங்காயெண்ணெய் போட்டாள், சாம்பல் போட்டாள், புளியைக் கரைத்தும் ஊறவைத்தாள். கறுப்பு போகவில்லை, எரிச்சல்தான் மிச்சம்.

அப்பா போகக் கூடாது என்று சொல்லவில்லை. "பாப்பம்" என்று மட்டும் சொன்னார். எங்கள் வீட்டில் அதற்கு இல்லை என்று அர்த்தம். அக்கா அழவில்லை. கட்டையை எடுத்து உட்கார்ந்து கொட்டையை உடைத்தாள். முழுப் பருப்புக்குத்தான் கூலி, அவள் உடைத்த உடைப்பில் அன்றைக்கு ஒரு பருப்பும் முழுசாக வரவில்லை. அம்மா நொறுங்கினதைப் பொறுக்கினாள். எனக்கு அப்பாவைப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான். தெருவுக்குப் பயந்து பெற்ற மகளை விட்டுக்கொடுக்கிற ஆள் என்று நினைத்தேன். ரொம்ப வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில்தான் அந்தச் செய்தி. டீக்கடையில் ஒரு ரேடியோ இருந்தது. ஓட்டை ஓட்டையாகத் துளை போட்ட தோல் சட்டை மாட்டி, ஆணியில் தொங்கும். அந்தத் தோலின் வாசனையும் டீத்தூள் வாசனையும் கலந்து எனக்குச் செய்தி என்றாலே அந்த வாசனைதான். நம் ஆள் விண்வெளிக்குப் போயாயிற்று என்று அதில் சொன்னதும் டீக்கடை அண்ணன் எல்லாருக்கும் ஓசியில் டீ ஊற்றினார். கொட்டை உடைக்கிற பெண்கள்கூடக் கட்டையை வைத்துவிட்டு வந்து நின்றார்கள். நான் ஓடிப்போய் அம்மாவிடம், மேல போயிட்டாரும்மா என்று கத்தினேன். அம்மா வாயிலேயே ஒன்று வைத்தாள். உயிரோடு இருக்கிறவரை அப்படிச் சொல்லக் கூடாதாம், மேல போயிருக்காரு என்று சொல்ல வேண்டுமாம்.

பிறகு கேள்விகள் கிளம்பின. பல் எப்படி விளக்குவார்? ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வார்? எச்சில் துப்பினால் அது நம் தலையில் விழுமா? பசை மாதிரி எதையோ பிதுக்கிச் சாப்பிடுகிறார் என்று பேப்பரில் போட்டிருந்ததைக் கேட்டுவிட்டு டீக்கடை அண்ணன், பாவம் அவருக்கும் காப்புதான் போலிருக்கிறது, தாளிப்பே இல்லையே என்றார். எங்கள் நாக்கும் அப்போது செத்துப்போய்த்தான் கிடந்தது என்பதால் எல்லாருக்கும் அவர்மேல் ஓர் ஒட்டுதல் வந்துவிட்டது.

எங்கள் பள்ளிக்கூடத்து அறிவியல் சார் ஆண்டிமடத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். பெரம்பலூர்க்காரர், கல்யாணம் ஆகாதவர், தினமும் சைக்கிளில் எங்கள் தெருவைத் தாண்டித்தான் போவார். அவர் ஒரு முந்திரிப் பழத்தையும் கொட்டையையும் தனித்தனியாகப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, பழம் பூமி, கொட்டை அவர் போகிற வண்டி என்று சுற்றிக் காட்டினார். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்றாம். பூமியும் தன்பாட்டுக்குச் சுழல்வதால் எல்லா ஊருக்கும் மேலே ஒரு தடவையாவது வருவாராம். எங்கள் தெருவுக்கு மேலேயுமா என்று கேட்டோம். ஆமாம் என்றார். அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தோம், கடையில் டீ பொங்கி அடுப்பில் வழிந்தது.

அன்று சாயங்காலம் கோயில் முன்னால் பூசைக்குக் கூட்டம் கூடியிருந்தபோது டீக்கடை அண்ணன் பூசாரி மாமாவைச் சீண்டினார். காப்புக் கட்டின எல்லையை ஒருத்தர் தாண்டிக்கொண்டே இருக்கிறாராமே, ஆத்தா பேசாமலா இருக்கிறாள் என்றார். கூட்டம் சிரித்தது. பூசாரி மாமா சிரிக்கவில்லை. மணியைக் கையில் எடுத்தவர் அப்படியே கீழே வைத்துவிட்டார். அவர் ஐம்பது வயது மனுஷன், எதையும் லேசாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவர், ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அது தீராமல் சாப்பாடு இறங்காது.

எல்லை என்பது தரையில் கட்டினது, அது மேலே எதுவரைக்கும் என்று அவரே கேட்டார். ஒருத்தர் கோயில் கொடிமரத்து நுனி வரைக்கும் என்றார். இன்னொருவர், மழையை ஆத்தாதானே அனுப்புகிறாள், அதனால் மேகம் வரைக்கும் என்றார். சார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, அவர் போவது மேகத்துக்கெல்லாம் ரொம்ப மேலே என்றார். அப்படியானால் எல்லைக்கு வெளியேதான் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. நம் ஊருக்கு மேலே இருக்கிற வெயில் நம் ஊர் வெயில்தானே, அதுவும் மேகத்துக்கு மேலேயிருந்துதானே வருகிறது என்று ஒரு கிழவி கேட்டாள். சரி, எல்லைக்கு உள்ளேதான் என்றே வைத்துக்கொள்வோம், அவர் வெளியூர்க்காரர், ராத்திரியும் நம் தலைக்கு மேலே வருகிறார், அது தங்குவதில் சேருமா என்று பேச்சு திரும்பியது.

அப்போதுதான் சார் அந்தப் பெரிய குண்டைப் போட்டார். அவருக்கு ராத்திரி என்பது நம் ராத்திரி மாதிரி இல்லை, ஒரு சுற்றுக்கு ஒரு தடவை இருட்டும், ஒரு தடவை விடியும், நமக்கு ஒரு நாள் ஆவதற்குள் அவருக்குப் பதினைந்து பதினாறு முறை விளக்கு வைக்கிற நேரம் வந்துபோய்விடும் என்றார். பூசாரி மாமா வாயைப் பிளந்துகொண்டு சாரையே பார்த்தார். கற்பூரம் தட்டிலேயே எரிந்து அணைந்தது. விளக்கு வைக்கிற நேரத்தைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் காப்பே நின்றது, அந்த நேரமே ஒரு மனுஷனுக்கு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் எதைப் பிடித்துக்கொள்வது?

"அப்ப அவரு எப்பதாங்க படுப்பாரு?" என்றார் பூசாரி மாமா.

"படுக்கவே மாட்டாருங்க" என்றார் சார். "அங்க மேல கீழங்கறதே கெடையாது. சொவத்துல ஒரு பையி மாட்டியிருக்கும். அதுக்குள்ள பூந்து, நின்னவாக்குல பட்டையப் போட்டு இறுக்கிக் கட்டிக்கிட்டுக் கண்ண மூடிக்குவாரு. கட்டலன்னா மெதந்து எங்கியாவது போயி முட்டிக்குவாரு."

கூட்டம் உச்சுக் கொட்டியது. இத்தனை பெரிய மனுஷன், பிரதமரோடெல்லாம் பேசுகிறவர், தலையைச் சாய்க்க ஒரு இடம் இல்லாமல் மாட்டை மாதிரி கட்டிப்போட்டுக்கொண்டு தூங்குகிறாரே என்று பெண்கள் பக்கத்தில் வருத்தமே பட்டுவிட்டார்கள். பூசாரி மாமா கொஞ்ச நேரம் அம்மனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் திரும்பினார்.

"தலைய சாய்ச்சாத்தான் தங்கல். தலைய சாய்க்காம போயிக்கிட்டே இருக்கறவரு எந்த ஊர்லயும் தங்கினவரு இல்ல. அவருமேல குத்தம் இல்ல. ஆத்தா அவர பத்தரமா எறக்கிவுடட்டும்."

அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மணியை மறுபடி எடுத்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. குடங்கள் விலகிய நாளிலிருந்து பொது இடத்தில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"தலைய சாய்க்காம போயிக்கிட்டே இருந்தா, யாரா இருந்தாலும் அதே நாயந்தானுங்களா?"

யாருக்காகக் கேட்கிறாள் என்று கூட்டத்தில் தெரியாதவர் இல்லை. அக்காவுக்கு வந்த அழைப்பு தெரு முழுக்கத் தெரியும். அக்கா தன் கருத்த கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பூசாரி மாமாவைப் பார்த்தேன். அவர் பார்வை கொடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற தன் மகள்மேல் போயிற்று. அவளுடைய அந்தக் கண் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் தெருவில் ஒருத்தரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். என் அம்மாகூடச் சொல்லியிருக்க மாட்டாள்.

"ஆளுக்கொரு நாயம் ஆத்தாகிட்ட கெடையாது" என்றார். அக்காவைக் கூப்பிட்டு நெற்றியில் திருநீறு வைத்தார். "ஒக்காந்தே போவணும், ஒக்காந்தே வரணும். கண்ணசந்தாலும் தலை கீழ படக்கூடாது, பாத்துக்க."

நேர்முகத்தன்று அம்மாவும் அக்காவும் இருட்டு பிரிவதற்குள் புறப்பட்டுப் போனார்கள். அப்பா வாசலோடு நின்றுகொண்டார், கையில் காப்பு இருக்கிறதே. அன்று சாயங்காலம் பூசாரி மாமாவின் மகள் எங்கள் வாசலுக்கு வந்தாள், இரண்டு வருஷத்துக்குப் பிறகு. நாங்கள் இரண்டு பேரும் வேலி ஓரம் நின்று வானத்தைப் பார்த்தோம். ஒரு புள்ளி, மினுக்காமல், அவசரமில்லாமல், மேற்கேயிருந்து நகர்ந்து வந்தது. ஒற்றைக் கண்ணால் அவள்தான் முதலில் பார்த்தாள். அவர்தான், அவர்தான் என்று குதித்தோம். போய்விட்டு வாங்க என்று கையை ஆட்டினோம். அது அவர்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதே நேரத்தில் அம்மாவும் அக்காவும் பஸ்ஸில் இருந்தார்கள். இதை அம்மா பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். திருச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தே பொழுதை ஓட்டியிருக்கலாம். ஆனால் பூசாரி சொன்னது போய்க்கொண்டே இருக்கிறவருக்கு அல்லவா? உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் அது தங்கல் ஆகிவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். அதனால் திருச்சியில் பஸ் ஏறி அரியலூர் வந்தார்கள். அரியலூரில் ஏறிப் பெரம்பலூர் வந்தார்கள். பெரம்பலூரில் மெட்ராஸிலிருந்து வருகிற பஸ்ஸைப் பிடித்து மறுபடி திருச்சி. இறங்கின கையோடு திரும்பவும் பெரம்பலூர், திரும்பவும் திருச்சி. ஒரு கண்டக்டர் இவர்களை இரண்டாவது தடவை பார்த்துவிட்டு எங்கேம்மா போறீங்க என்று கேட்டிருக்கிறார். சுத்திக்கிட்டு இருக்கோங்க என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவர் என்ன நினைத்தாரோ, முன் சீட்டில் இடம் போட்டுக் கொடுத்தாராம்.

அக்காவின் தலை அடிக்கடி அம்மாவின் தோளில் சரிந்ததாம். தோளில் சாய்வது சாய்வதில் சேருமா என்று அம்மாவுக்கு ஒரு சந்தேகம். கேட்டுச் சொல்லப் பூசாரியும் இல்லை, சாரும் இல்லை. தோள் தரை இல்லையே என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டாளாம்.

மறுநாள் விடிந்து நான் வாசலுக்கு வந்தபோது பார்த்த காட்சியை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அப்பா பந்தல்காலில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். தோளில் போடுகிற துண்டால் நெஞ்சையும் பந்தல்காலையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார். தலை முன்னால் தொங்கிக் கொண்டிருந்தது. குறட்டை வந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இந்த வயசில் அப்பா ராக்கெட் விளையாட்டு விளையாடுகிறார் என்றே நினைத்துவிட்டேன். என் சிரிப்பில் விழித்துக்கொண்டு, முடிச்சை அவிழ்த்து, துண்டை உதறித் தோளில் போட்டார். "போயி மூஞ்சியக் கழுவு" என்றார்.

நான் அதைப் பூசாரி மாமாவின் மகளிடம் மட்டும் சொன்னேன். அந்த வாரம் முழுக்க நாங்கள் மாறி மாறி ஒருத்தியை ஒருத்தி வேப்பமரத்தில் கட்டிவைத்துக் கண்ணை மூடி விளையாடினோம்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அம்மாவும் அக்காவும் எல்லைக்குள் வந்துவிட்டார்கள். டாக்டர் கையைப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணைப் பார்த்தாராம். ரத்தச் சிவப்பாக இருந்ததாம். தூங்கலையா என்று கேட்டிருக்கிறார். தூங்கக் கூடாதுங்க என்றிருக்கிறாள் அக்கா. அவருக்குப் புரியவில்லை. கதவோரம் நின்ற அம்மா காப்பிலிருந்து விண்வெளிக்காரர் வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்திருக்கிறார். அப்புறம் அக்காவின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது நோய் இல்லை, முந்திரிதான் என்று எழுதிவிட்டு, நைட் டூட்டிக்கு ஆள் கிடைத்தாயிற்று என்றாராம்.

விண்வெளிக்குப் போனவர் பத்திரமாக இறங்கிவிட்டார் என்று ரேடியோ சொன்ன அன்று பூசாரி மாமா அம்மனுக்குத் தேங்காய் உடைத்தார். நாடே கொண்டாடியது. எங்கள் வீட்டில் மட்டும் கொண்டாட்டம் இல்லை. தீமிதி முடிந்து காப்பு அவிழ்த்த பிறகும், சித்திரை முழுக்க, தெருவில் எந்தப் பிள்ளை இருமினாலும் அப்பா அந்த வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவார். ஒரு குழந்தைக்கு உடம்பு சுட்டபோது மூன்று வேளையும் போய்ப் பார்த்தார். அது வெறும் காய்ச்சல், இறங்கிவிட்டது. அந்த வருஷம் யாருக்கும் அம்மை வரவில்லை. எங்கள் வீட்டுக்கு மறுபடி நெருப்பு வாங்க ஆள் வந்தது. அக்கா திருச்சி விடுதிக்குப் போய்ச் சேர்ந்தாள். படிப்பு முடித்து வந்து எங்கள் தெருவுக்கு அவள் தட்டம்மை ஊசி எடுத்துக்கொண்டு வந்தபோது, பூசாரி மாமாதான் முதல் ஆளாகத் தன் மூத்த மகன் வழிப் பேரக்குழந்தையின் கையை நீட்டினார்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கதை, போன வாரம் வரைக்கும்.

உங்கள் கேள்வியைப் படித்த பிறகு, நாங்கள் அன்று பார்த்த புள்ளி என்னதான் என்று தெரிந்துகொள்ள ஆசையாகிவிட்டது. நம்பர் தேடிப் பிடித்து, பெரம்பலூரில் இருக்கிற அறிவியல் சாருக்குப் போன் போட்டேன். எண்பதை நெருங்குகிறார், குரல் மட்டும் அப்படியே. புள்ளியைப் பற்றி அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் யார் மகள் என்று தெரிந்ததும் பேச்சை அந்தப் பக்கம் திருப்பினார்.

கோயில் முன்னால் பேச்சு நடந்த அன்று காலையில், அவர் சைக்கிளில் வரும்போது, எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டிருந்த எல்லைக் கல்லுக்கு உள்பக்கம் அப்பா காத்துக்கொண்டு நின்றாராம். தாண்டி வரவில்லையாம். சார் கல்லுக்கு அந்தப் பக்கம், அப்பா இந்தப் பக்கம்.

"ஊர்ல எல்லாரும் என்கிட்ட அவரு என்ன திங்கறாரு, எப்படிக் குளிக்கறாருன்னு கேட்டாங்கம்மா. ஒங்கப்பா மட்டும் எப்படிங்க சார் படுக்கறாருன்னு கேட்டாரு. சொன்னேன். படுக்கவே மாட்டாரான்னு ரெண்டுவாட்டி கேட்டாரு. அப்பறம், நான் கேட்டேன்னு சொல்லாதீங்க, ஆனா பூசாரி காதுல வுழற மாதிரி இத ஒருதரம் சொல்லிப்புடுங்கன்னாரு."

அம்மாவுக்கும் தெரிந்திருக்குமா என்று சாரிடம் கேட்டேன். அது எனக்கெப்படிம்மா தெரியும் என்றார். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, இனி யாரிடம் கேட்பது? தெருவுக்குப் பயந்த மனுஷன்தான் அப்பா. அதில் சந்தேகமில்லை. அந்தப் பயத்தோடேயே எல்லைக் கல்லண்டை போய் நின்றிருக்கிறார் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். ஓய்வு பெற்று அரியலூரில் இருக்கிறாள். சார் சொன்னதைச் சொன்னேன். அப்புறம் கேட்டாள்.

"நாங்க பஸ்ல சுத்திக்கிட்டு இருந்தமே, அன்னிக்கு ராத்திரி அப்பா எப்படிடி படுத்தாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் துண்டு விஷயத்தை நான் அக்காவிடம் சொன்னதே இல்லை. அது எனக்கும் பூசாரி மாமாவின் மகளுக்கும் விளையாட்டாகவே போய்விட்டது.

"படுக்கலக்கா" என்றேன். "பந்தக்கால்ல துண்டால கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தாரு."